ஊக்கில் தொங்கிய மோதிரம்

"விரலைக் காட்டு."

குறைமாதக் குழந்தைகள் வார்டின் வாசலிலேயே நர்ஸ் ரபாபை மறித்துக்கொண்டாள் உம்மு ஹாஸிம், அவளுடைய வருங்கால மாமியார். மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை உள்ளே கண்ணாடிப் பெட்டியில். அதைப் பார்க்க வந்தவள், ரபாபின் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

அடுத்த மாதம் கல்யாணம். வலது கையில் போட்ட நிச்சய மோதிரம், அவர்கள் வழக்கப்படி, அன்றைக்கு இடது கைக்கு மாற வேண்டும். மாறுவதற்கு மோதிரத்தையே காணோம்.

"நிச்சயம் முறிஞ்சு போச்சாமேன்னு இஸ்கந்தரியா ஊர் முழுக்கப் பேச்சு. மீன் கடையில என்கிட்ட துக்கம் விசாரிக்கிறாங்கடி."

ரபாப் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம், ஊக்கில் மோதிரம்.

"ஊக்குக்கு மாட்டவா என் மகன் தங்கம் வாங்கினான்?"

"வேலை முடிஞ்சதும் விரலுக்கு வந்துடும், மாமி. மோதிரத்துக்கு அடியில பாலும் பிசுக்கும் தங்கிடும். கையில எவ்வளவு மருந்து தேய்ச்சாலும் அந்த இடத்துக்குப் போகாது. அங்கே இருக்கிற கிருமி சொகுசா உட்கார்ந்திருக்கும்."

"மத்த நர்ஸெல்லாம் போட்டிருக்காளுங்களே. அவளுங்க தொட்ட பிள்ளையெல்லாம் செத்தா போச்சு?"

"செத்த பிள்ளைங்க எதனால செத்துச்சுன்னு யாரு கேட்டா?"

"வாய் நீளம் உனக்கு. இப்பவே போடு. இல்லேன்னா என் மகனுக்கு வேற பொண்ணு பார்த்துக்கிறேன்."

மாமியின் மகன் ஹாஸிமை ரபாபுக்குப் பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும்.

ஊக்கைக் கழற்றினாள். மோதிரத்தை உருவி, மாமியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பார்த்துக்கோங்க. நான் இங்கே நர்ஸா இருக்கிற வரைக்கும் இது இந்தக் கதவைத் தாண்டாது. கல்யாணம் நின்னாலும் சரி."

உள்ளே போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கண்ணைத் துடைக்கக் கை வரவில்லை, கழுவின கை.

கண்ணாடிக்கு வெளியே உம்மு ஹாஸிம் நகரவில்லை. மோதிரத்தை இறுக்கிப் பிடித்தபடி, பேத்தியின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நர்ஸ் தஹானி அந்தப் பெட்டியருகே வந்தாள். மருந்தைப் பிழிந்து கையில் தேய்த்தாள். பெட்டியைத் திறக்கப் போனாள். அவள் விரலில் தடிமனாக ஒரு மோதிரம்.

டக் டக் டக்.

ரபாபின் மோதிரத்தாலேயே கண்ணாடியைத் தட்டினாள் உம்மு ஹாஸிம்.

"ஏ பொண்ணே, நீ தள்ளு. என் மருமக தொடட்டும்."