கவசத்தின் இடப்பக்கம்

முப்பத்தொன்பது மணி நேர வேலை. இஜ்ஜா பூசிய துரு நிறம் இப்போதுதான் காய்ந்திருந்தது. பழைய படம் ஒன்றில் வந்த தலைக்கவசத்தை அப்படியே வீட்டில் செய்து, நாளைக் காலை படப்பிடிப்புத் தளத்துப் பட்டறையில் காட்டினால்தான் அவளுக்கு அங்கே பெயின்டர் வேலை.

"நசுங்கல் இடப்பக்கம் வரணும்," என்றான் கணவன் ஹம்மு.

"போஸ்டரைப் பாருங்க. வலப்பக்கம்தான இருக்கு?"

"கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பி அச்சடிச்சுட்டாங்க."

"படத்துல புழுதியைத் தவிர ஒண்ணும் தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுமாம்? நீங்க அந்தப் படப்பிடிப்புல புதினா டீ ஊத்தினவருதான? ஹீரோ குதிரையிலேருந்து விழுந்து இது நசுங்கினப்போ, ஓடிப்போய்த் தூக்கி விட்டீங்களாக்கும்!"

"சொன்னாக் கேளு. தப்பா இருந்தா வேலை கிடைக்காது."

"என்னால முடியலைங்க. திரும்பப் பட்டி பூசி, தேய்ச்சு, துரு அடிக்கணும். கை ஓஞ்சுபோச்சு. யார் சொன்னா உங்களுக்கு?"

ஹம்மு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. பதினாலு வருஷமாச்சு. இஜ்ஜா, அன்னிக்கு விழுந்தது ஹீரோ இல்ல. கவசத்துக்குள்ள இருந்தது என் தலை."