வெட்டாத வரி

தம்பித்துரை முதலில் ‘கற்புக்கரசி’யை வெட்டினார்.

அடுத்து ‘பொறுமையின் சிகரம்’. பிறகு ‘அன்னமிட்ட கை’.

எதிரே, பாட்டை எழுதிய விஜிதரன் இருந்தான். இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் பாட்டு அது. பின்னேரம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சுவிஸின் பேர்ண் நகரில் இந்தப் பாட்டுக் கட்டுகிறவர்கள் இவர்கள் இருவர்தான். ஒருவர் எழுதினால் மற்றவர் பார்த்துக் கொடுப்பார். பார்ப்பதென்ன பார்ப்பது, தம்பித்துரையின் சிவப்புப் பேனாவுக்குள் போன பாட்டு குற்றுயிராகத்தான் திரும்பும்.

இந்த முறை தன்னால் ஏலாது என்று தம்பித்துரை சொல்லிவிட்டதால், வேலை விஜிதரன் தலையில் விழுந்தது. என்றைக்குமில்லாமல் இன்று அந்தப் பேனாவைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

“பொறுமையோ? ட்ராம் கொஞ்சம் பிந்தினாலே டிரைவரோட சண்டைக்குப் போற ஆள் இவ. அதை எழுது தம்பி. சனம் சிரிக்கட்டும்.”

விஜிதரன் எழுதினான். அன்னமிட்ட கையும் போய்விட்டது. அந்த இடத்தில், ஹோட்டலில் ஊரார் படுக்கையெல்லாம் விரித்துவிட்டு வந்து, காலிலிருந்த சப்பாத்தைச் சோபாவுக்கு அடியில் உதறிவிட்டு அப்படியே சரிகிற பெண் வந்தாள். மனிதர் சொன்னதெல்லாம் சரியாகவும் இருந்தது. அதுதான் எரிச்சல்.

தம்பித்துரை எழுந்து தேநீர் ஊற்றினார். சீனியைத் தேடி ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்தார். கிடைக்கவில்லை. வெறுந்தேநீரையே கொண்டுவந்து வைத்தார்.

கடைசி வரி மிச்சம்: ‘நீயின்றி வீடு வெறிச்சோடியதே.’

அந்த வரி இல்லாமல் பாட்டை முடிக்க விஜிதரனுக்குத் தெரியாது. யார் செத்தாலும் அதை எழுதுவான். யார் செத்தாலும் தம்பித்துரை அதை வெட்டுவார். ஊர்க் கிணறு மாதிரியான வரி, ஆரும் வந்து அள்ளலாம் என்று பழிப்பார்.

இன்றைக்காவது அதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று நினைத்தான்.

பேனா அந்த வரியின் மேல் போய் நின்றது. நின்றபடியே இருந்தது.

தம்பித்துரை நிமிர்ந்து சோபாவைப் பார்த்தார். அதன் அடியில் அவர் மனைவியின் சப்பாத்து, உதறிய மாதிரியே, ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

“இது இருக்கட்டும் தம்பி” என்று சொல்லிப் பேனாவை மூடினார்.