ஒரே ஒரு பை

"நீ கப்பல் ஏறப் போறியா, தனிக்குடித்தனம் போறியா?"

மாமனார் கேட்டதும் வீடே சிரித்தது. கல்யாணமாகி மூன்றே மாதமான மருமகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வது? ஐந்து நாள் கப்பல் பயணத்துக்கு மாமியார் எடுத்திருந்த பெட்டி அப்படி. இடுப்புயரம். நாலு சக்கரத்தில் ஒன்று எப்போதோ கழன்று போயிருந்தது. ஜிப் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்க, மாமியார் அதன் மேல் முழங்காலை ஊன்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மாமனார் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒழுங்கு. தோளில் மாட்ட ஒரே ஒரு பை.

"மூணு சட்டை, ரெண்டு பேன்ட். மடிக்கக் கூடாது, உருட்டணும். கப்பல்ல ரூம் தீப்பெட்டி மாதிரி இருக்கும். அங்கே போய் மூட்டை முடிச்சுக்குக் காவல் இருக்கவா போறோம்?"

சொல்லிக்கொண்டே ஒரு சட்டையை உருட்டிக் காட்டினார். மருமகள் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பாராட்டு குவிந்துவிட்டது.

அவர் சொன்னபடியே அவளும் சின்னப் பெட்டியோடு நிறுத்திக்கொண்டாள்.

"நீ தேறிட்டேம்மா. உங்க அத்தைக்கு முப்பது வருஷமா பாடம் எடுக்கறேன், ஏறவே இல்லை" என்றார் மாமனார்.

மாமியார் முழங்காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். ஜிப் மூடிக்கொண்டது.

துறைமுகத்தில் நீண்ட வரிசை. மாமனாரும் மகனும் கைவீசிக்கொண்டு சோதனை இயந்திரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். மாமியாரின் பெட்டி உள்ளே போனதும் மணி அடித்தது.

"இது யார் பெட்டி? ஓரமா எடுத்து வச்சுத் திறங்க" என்றாள் சோதனை அதிகாரி.

அந்தப் பக்கத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல? மெதுவா முடிச்சுட்டு வாங்க. நாங்க உட்கார்ந்திருக்கோம்."

பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மருமகளுக்கு மானம் போனது. 'ஐந்து நாளைக்கு அப்படி என்னதான் அள்ளிக்கொண்டு வந்தாளோ?' என்று மனதுக்குள் கரித்துக்கொட்டியபடியே பெட்டியைத் தூக்க உதவினாள்.

அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

இஸ்திரிப் பெட்டி. ஒரு தலையணை. கறுப்பு ஷூ. கோட். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. ஷேவிங் சாமான். இரண்டு பெரிய துண்டு. அப்புறம் சட்டை, சட்டை, சட்டை.

"எல்லாம் ஆம்பளை துணியா இருக்கே. உங்க பெட்டிதானா இது?"

"என் பெட்டிதாங்க."

"இஸ்திரிப் பெட்டி கப்பல்ல கொண்டு போகக் கூடாது. சூடு பண்ற சாமான் எதுக்கும் அனுமதி கிடையாது."

"உருட்டி வச்ச சட்டை கசங்கிடும். கசங்கின சட்டையை அவர் போட மாட்டார்" என்றாள் மாமியார், ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது போல.

மருமகள் மேஜை மேல் கிடந்ததையெல்லாம் மறுபடி பார்த்தாள். "உங்க துணி எங்கே அத்தை?"

மாமியார் தோளில் தொங்கிய கைப்பையைத் தட்டினாள். "ரெண்டு புடவை இதுக்குள்ள இருக்கு. ஒண்ணை அலசிப் போட்டா இன்னொண்ணு."

"மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே? எல்லார் முன்னாடியும் அவர் அப்படிப் பேசறப்போ..."

"கல்யாணமான புதுசுல சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க."

மாமியார் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். தலையணை கடைசியில், ஓரத்தில், ஒரு குத்து விட்டு. பழகின கை.

காத்திருப்புக் கூடத்தில் மாமனார் பக்கத்து இருக்கைத் தம்பதிக்குச் சட்டை உருட்டும் வித்தையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, பாதிச் சாமானைப் பிடுங்கிட்டாங்களா?"

"இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க" என்றாள் மாமியார்.

"ஐயையோ! அப்போ என் சட்டை?" என்று பதறினார். அடுத்த நொடியே அந்தத் தம்பதி பக்கம் திரும்பிச் சிரித்தார். "பார்த்தீங்களா? எது தேவை, எது தேவையில்லைன்னு இவளுக்கு என்னிக்குமே தெரியாது."

அவர்களும் சிரித்தார்கள். தம்பதியில் அந்த அம்மாள் மாமியாரின் பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

மருமகள் வாயைத் திறந்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"வேணாம்மா. அஞ்சு நாள் ஒண்ணா இருக்கணும்."

பொறுக்க முடியாமல் மருமகள் தன் கணவனைத் தனியாக அழைத்துப் போனாள். கேட்டதை, பார்த்ததை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். தலையைக் கூட ஆட்டினான். இவனாவது புரிந்துகொண்டானே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. அம்மாவுக்குத் தோள்வலி வேற. பாவம், அப்பாவோடதும் என்னோடதும் சேர்த்து எத்தனை நாளைக்குத்தான் இழுப்பாங்க?" என்றான் அவன், அவள் கையை ஆதரவாகப் பற்றிக்கொண்டு. "அடுத்த தடவை நீ ஒரு பெரிய பெட்டியா வாங்கிடு."