ஐந்தாவது கோடு

இரண்டு கோடுகள்.

பைக் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து அவன் வண்டியின் முகப்பு மீட்டரைப் பார்த்தான். சூட்டைக் காட்டும் கோடுகள் மொத்தம் ஆறு.

முன்சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டர். அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன். அசையவில்லை.

காலையில் பல்லடத்திலிருந்து மாமனார் கூப்பிட்டிருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

“நிறுத்தி வெச்சே ஓட உடுங்க மாப்பிள்ளை. அஞ்சாவது கோட்டுக்கு ஃபேன் தானா ஓடோணும். ஓடலீனா பாப்பாவ அதுல ஏத்த வேண்டாம்.”

ஓடினால் ஏற்ற வேண்டும். இன்றைக்கே.

மூன்று.

குழந்தை ஏழு மாதமாக அங்கேதான் இருக்கிறாள். அவள் அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் போனவள். ஞாயிறுதோறும் இவன் கோவையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வரும். அதனால் கிளம்பும்போதெல்லாம் அவளிடம் ஒன்றையே சொல்வான். அப்பா வண்டி வாங்கியதும் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் புது வண்டி எடுக்கக் கூடாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

எம்.எஸ்ஸி. படித்தவன். நாள் நட்சத்திரம் பார்க்காதவன். இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பதினைந்து நாளில் பள்ளி திறக்கிறது. பாப்பாவை இங்கே சேர்ப்பதா அங்கே சேர்ப்பதா என்று மாமியார் இரண்டு முறை கேட்டுவிட்டார். போன வாரம் மாமனாரே சினேகிதர் மகனிடமிருந்து இந்த வண்டியைப் பிடித்துக் கொடுத்தார். நாலு வருடம் ஓடிய வண்டி.

“பழைய வண்டிக்கு ஏதுங்க தோசம்?” என்றார்.

அவன் சாவியை வாங்கிக்கொண்டான்.

“ஏந் தம்பி, அதை எங்கயாச்சும் கொண்டு போயி உறும உடக் கூடாதுங்களா?”

கீழ்வீட்டு சரோஜினி அக்கா. சமையலறைச் சன்னலில் முகம்.

“நாந் தாளிச்சது கருவேப்பிலையா பெட்ரோலான்னே தெரியல.”

“ஃபேன் ஓடுதான்னு பாக்கறனுங்க்கா.”

“வண்டிக்கு வேர்க்குதாக்கும்” என்று சன்னலைச் சாத்திக்கொண்டார்.

நான்கு.

ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டிலருகே ஐந்து நாள் அதைத்தான் செய்தான். டெங்கு என்றார்கள். ஆறாம் நாள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

குழந்தை ஒரே ஒரு முறை இங்கே வந்தாள். பொங்கல் கழித்து மாமனார் காரில் கூட்டி வந்தார்.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவைத் திறந்து, சேலைகளை விலக்கிப் பார்த்தாள். பாத்ரூம் கதவுக்குப் பின்னால். வாஷிங் மெஷினுக்குள்.

பிறகு சோபாவில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் பாத்துட்டேன். இப்ப நீ தேடு” என்றாள்.

அவன் தேடினான்.

எழுந்து போய், ஒவ்வொரு அறையாக, அவள் பார்த்த அதே இடங்களில்.

அன்று சாயங்காலமே மாமனாரோடு திருப்பி அனுப்பிவிட்டான்.

ஐந்து.

ஃபேன் ஓடவில்லை.

பத்து வரை எண்ணினான். குனிந்து பார்த்தான். ஓடவில்லை.

அவன் தோள்கள் இறங்கின. இவ்வளவு நாளும் அவற்றைத் தூக்கியே வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஃபோனை எடுத்து மாமனாருக்கு எழுத ஆரம்பித்தான்.

ஃபேன் ஓடவில்லை மாமா.

ஃபேன் ஓடியது.

சின்ன உறுமலோடு தொடங்கி வேகம் பிடித்தது. சூடான காற்று முழங்காலில் அடித்தது.

அவன் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

ஃபேன் ஓட ஓட மீதியையும் எழுதினான். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இந்த வாரம் வேண்டாம்.

அனுப்பினான்.

ஒரு நிமிடத்தில் மாமனாரிடமிருந்து பதில் வந்தது. எழுத்து இல்லை. குரல்.

குழந்தையின் குரல்.

“அப்பா, பஸ்ஸுலயே வா. நான் சன்னல் சீட்டு கேக்க மாட்டேன். வாந்தி வந்தா அடக்கிக்கறேன்.”

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அவ்வளவுதான்.

மறுபடியும் போட்டுக் கேட்கவில்லை.

பதில் பேசுவதற்காகத் திரையில் மைக்கை அழுத்திப் பிடித்தான். விரலை எடுத்தால் செய்தி போய்விடும்.

 

வாளியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டான். ஃபேனின் சத்தம் விழும்படி ஃபோனை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தான். காற்று மணிக்கட்டைச் சுட்டது. திரையில் விநாடிகள் போயின.

ஐந்தாவது கோடு மறைந்தது.

ஃபேன் நின்றது.

விரலை எடுத்தான்.