அம்பது வருஷத்துச் சட்னி

டொம்... கரகர... டொம்.

இருட்டின பிறகு படிக்கட்டில் சத்தம் கேட்டு மலிகா காதைத் தீட்டிக்கொண்டாள். யாரோ எதையோ படிப்படியாக இழுத்துக்கொண்டு மேலே வருகிறார்கள். மூன்றாவது மாடியில் எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. புருஷன் அமீருக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட். அவள் மடியில் குழந்தை. அதன் மூக்கில் முகமூடி. பக்கத்தில் ஆவி பிடிக்கிற மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்க்கலாமென்றால் படிக்கட்டில் விளக்கு இல்லை. பல்பையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டாள், குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொக்கம்மாள்.

எல்லாம் அந்தக் கார்பன் கணக்கால் வந்த வினை.

விம்கோ நகர் அடுக்குமாடிகள் ஒவ்வொன்றும் தன் ஆயுசுக்கும் எவ்வளவு புகை விடும் என்று பார்க்கக் காலேஜிலிருந்து வந்திருந்தார்கள். சிமென்ட், கம்பியெல்லாம் அளந்தாயிற்று. பாக்கி கரண்ட்தான். ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து, அதை அப்படியே அம்பது வருஷத்துக்குப் பெருக்கிவிடுவார்களாம். குறைவாகப் புகை விடுகிற கட்டடத்துக்கு லிப்டை இலவசமாக ரிப்பேர் செய்து தருவார்களாம்.

லிப்ட் நின்று யுகமாகிறது. சொக்கம்மாள் உடனே மொட்டைமாடியில் கூட்டம் போட்டாள். சுவிட்ச் இங்கே, புகை எண்ணூர் அனல் மின் நிலையத்தில் என்று விளக்கினாள்.

"இந்த வாரம் நீ ஒரு சட்னி அரைச்சா, அம்பது வருஷம் அரைச்ச கணக்கு. ரோசனை பண்ணிக்க."

மிக்ஸிகள் பரணுக்குப் போயின. ஆம்பளைகள் கசங்கின சட்டையோடு வேலைக்குப் போனார்கள்.

மலிகாவால்தான் மெஷினை நிறுத்த முடியவில்லை. குழந்தைக்கு இளைப்பு. வாரம் முடிகிறவரை அம்மா வீட்டுக்குப் போய்விடச் சொல்லி, எல்லார் எதிரிலும் சொக்கம்மாள் உத்தரவு போட்டாள். மூச்சு வாங்குகிற பிள்ளையோடு வேலூருக்கு எப்படி பஸ் ஏறுவது? மலிகா அழுதேவிட்டாள்.

அன்று சாயங்காலம் மீட்டர் பார்க்க வந்த காலேஜ் பெண் மதிதான் காப்பாற்றினாள். இந்த வீட்டைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம் என்றாள்.

"குழந்தை அம்பது வருஷமும் குழந்தையாவா இருக்கப் போகுது?"

கூட வந்திருந்த சொக்கம்மாள் மலிகாவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அந்தப் பார்வைதான் இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

டொம். சத்தம் வாசலில் நின்றது.

"மலிகா, நான்தான். தொற."

சொக்கம்மாள் குரல்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள். மலிகா சுவிட்சை அணைத்து, மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

வியர்வை வழிய நின்றாள் சொக்கம்மாள். காலடியில் கிரைண்டர். அதற்குள் ஊறின அரிசி.

"உன் வூடுதான் கணக்குல இல்லியே. தோசை இல்லாம எங்க வூட்டுக்காரரு ஒரே பேஜாரு. பிளக்கு எங்க கீது?"

மலிகா சுவரைக் கை காட்டினாள். இருவருமாகக் கிரைண்டரை உள்ளே இழுத்தார்கள்.

அப்போது கீழே செருப்புச் சத்தம். திறந்த கதவு வழியே விழுந்த வெளிச்சத்தில் மலிகா எட்டிப் பார்த்தாள். இரண்டாவது மாடி வால்டர், அயர்ன் பாக்ஸும் கை நிறையச் சட்டையுமாகப் பூனை மாதிரி ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், துப்பட்டிக்குள் மிக்ஸியை மறைத்தபடி ரசூல் பீவி.

சொக்கம்மாளும் பார்த்தாள். அவளுக்கு முகமே சிவந்துவிட்டது.

"பாத்தியா அநியாயத்த? பூமியப் பத்தி இந்த ஜனங்களுக்குக் கொஞ்சமாச்சும் கவலை கீதா?"

மலிகாவை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.