ஒண்ணாம் நம்பர் கோப்பை

"நாக்கைத் தூக்குடா. இன்னும். அடியில என்ன, புதையலா வெச்சிருக்கே?"

தலைமை வார்டர் கைதியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தண்ணி குடி. ம்... எத்தனாவது நாள்?"

"தொண்ணூத்தொண்ணு."

"கேக்கலை. சத்தமா."

"தொண்ணூத்தொண்ணு, சார்."

"இன்னும் சத்தமா. திங்கும்போது மட்டும் வாய் காது வரைக்கும் திறக்குதில்ல?"

ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் கைதி மூன்றாம் முறை கத்திவிட்டு நகர்ந்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மருந்து அளந்துகொண்டிருந்த நர்சுக்கு முகம் சுருங்கியது. அவள் வேலைக்குச் சேர்ந்து நாலே நாள்.

போதையிலிருந்து மீள நினைக்கும் கைதிகளுக்கான வார்டு அது. தினம் காலை ஏழு மணிக்கு ஆளுக்கொரு சின்னக் கோப்பை மருந்து. விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்பவனும் உண்டு. அதனால்தான் நாக்கைத் தூக்கச் சொல்வதும், தண்ணீர் குடிக்க வைப்பதும், பேச வைப்பதும். அதெல்லாம் சரி. மனுஷனை இப்படி அவமானப்படுத்தச் சொல்லி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அதைவிட அவளை அரித்தது ஒண்ணாம் நம்பர்.

பட்டியலில் பெயர் கிடையாது, நம்பர்தான். "இந்த மருந்து குடிக்கிற ஆள்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான். அதனால யாருன்னு கேக்கறதில்ல" என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவைதான் அவர் வருவார். சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டியவரும் அவர்தான்.

"திட்டம் வந்த புதுசுல ஆறு மாசம் பாட்டில் அலமாரியிலேயே கிடந்துச்சும்மா. விஷம்னு பயந்துக்கிட்டு ஒருத்தனும் தொடலை. கடைசியில ஒரே ஒரு ஆள், அத்தனை பேரும் பாக்க எடுத்துக் குடிச்சாரு. அந்த நாள்லேர்ந்து எண்ணி எழுதிட்டு வர்றோம்."

பலகையில் இன்று 412.

வரிசையில் வருவது முப்பது பேர். பட்டியலில் முப்பத்தொன்று. ஒண்ணாம் நம்பரை மட்டும் அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. "அவன் அப்புறமா வருவான். அளந்து வெச்சிட்டு நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க சிஸ்டர்" என்பார் வார்டர். திரும்பி வந்தால் கோப்பை காலியாக இருக்கும்.

பாலுக்குப் பூனை காவல் என்று நினைத்துக்கொண்டாள். கண்காணிப்பாளருக்கு எழுதிய புகார் அவள் பையில் மடித்தபடி இருந்தது. பத்து மணிக்கு அதைக் கொடுத்தால் அந்த ஆளின் வேலை போகும். போகட்டும்.

முப்பதாவது ஆளும் குடித்து முடித்தான்.

"வெச்சிட்டுப் போங்க சிஸ்டர்."

"இன்னிக்கு வெக்கப் போறதில்ல சார்." கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "என் கையாலதான் குடுப்பேன். ஒண்ணாம் நம்பரைக் கூப்பிடுங்க."

"அதான் அப்புறம் வருவான்னு..."

"அப்போ சூப்பரிண்டெண்ட் முன்னாடியே வரட்டும். புகார் எழுதி வெச்சிருக்கேன்."

கலைந்து போய்க்கொண்டிருந்த கைதிகள் நின்றுவிட்டார்கள்.

ஒட்டடைக்குச்சி முன்னால் வந்தான். "அவனுக்குக் காய்ச்சல் சிஸ்டர்."

அதே நேரம் பின்னாலிருந்து ஒருவன், "அவன் கோர்ட்டுக்குப் போயிருக்கான் சிஸ்டர்" என்றான்.

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"காய்ச்சலோடயா கோர்ட்டுக்குப் போனாரு?" என்று கேட்டாள் நர்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிகரெட்டுக்காகக் கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுப்பார்கள் என்று பேர் வாங்கிய முப்பது பேர், வாயைத் தைத்துக்கொண்டு நின்றார்கள்.

"போதும்டா, விடுங்க" என்றார் வார்டர்.

தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சுற்றிக்கொண்டு வந்து, கைதிகள் நிற்கும் மஞ்சள் கோட்டில், தடுப்புக்கு நேர் எதிரே நின்றார்.

"பிடிபட்ட போதைச் சரக்கையெல்லாம் பூட்டி வெக்கறது அப்போ என் வேலை சிஸ்டர்." அவர் தலை நிமிரவில்லை. "பத்து வருஷம் சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

நர்சின் கை தானாக நீண்டது. அவர் கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். தண்ணீரும் குடித்தார்.

ஒட்டடைக்குச்சி தினமும் செய்கிற வேலை போல அவர் கையிலிருந்து டார்ச்சை வாங்கினான்.

"நாக்கைத் தூக்குங்க சார். இன்னும்."

தூக்கினார்.

"எத்தனாவது நாள்?"

ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலை சார். சத்தமா."

முப்பது பேரும் காத்திருந்தார்கள்.

"நானூத்திப் பன்னெண்டு."

நர்ஸ் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்து நின்றாள்.