மட்டக்குதிரையின் இடது காது

முன் சீட்டில் இருந்த சேனாதிபதி முகத்தைச் சுளித்தார். வண்டியில் ஏதோ சத்தம் என்று டிரைவர் வேலுமணிக்கு அதை வைத்துத்தான் தெரிந்தது.

அவனுக்குக் காது கேட்காது.

சித்திரையில் வந்த விஷக்காய்ச்சல் இரண்டு செவியையும் கொண்டுபோய்விட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. உதடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டான். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் முந்திக்கொண்டு ஹாரன் அடித்தான். பழனி அடிவாரத்தில் யாத்ரீகர் விடுதி நடத்தும் சண்முகசுந்தரி அம்மாளின் காரில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.

அம்மாளின் தம்பி சேனாதிபதிக்கு மட்டும் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இன்று கூடவே ஏறியிருந்தார்.

கொடைக்கானலைத் தாண்டி, விடுதிச் சமையலுக்குப் பூண்டு வாங்கப் பூம்பாறைக்குப் போகிற பாதை. பட்டப்பகலிலேயே மூடுபனி. சரிவில் அடுக்கு வயல்கள் ஒரு கணம் தெரிந்தன. மறுகணம் அந்த இடத்தில் வெறும் வெள்ளை.

வேலுமணிக்குக் கொஞ்ச காலமாக உலகமே இப்படித்தான். வாய்கள் அசையும், மரங்கள் ஆடும். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருக்கும்.

சேனாதிபதி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். இறங்கி அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"ஏலே, பெல்ட்டு கத்துது. சரி பண்ணு. சத்தம் நின்னுருச்சுன்னு நீயேதான் சொல்லணும், நான் வாயத் தெறக்க மாட்டேன். தப்பாச் சொன்னியோ, சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிரு."

சாவிக்காகக் கையை இப்போதே நீட்டி வைத்துக்கொண்டார்.

பின் சீட்டில் இருந்த சண்முகசுந்தரி அம்மாள் கால் மரத்துவிட்டது என்று இறங்கினார். ரோட்டோரம் பூண்டு மூட்டை சுமந்து ஒரு மட்டக்குதிரை தனியாக நின்றிருந்தது. அதன் பக்கத்தில் போய், பிடரிக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டு நின்றார்.

வேலுமணி பானெட்டைத் திறந்தான். எஞ்சின் சுழற்சியை டைனமோவுக்குக் கொண்டுபோகிற பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான். தொய்வு இல்லை. எஞ்சினை ஓடவிட்டு டைனமோ மேல் உள்ளங்கையை வைத்தான். சூடு இல்லை, அதிர்வும் சீராகவே இருந்தது. பேரிங் தேயவில்லை.

ஆனால் கிறீச்சென்ற மெல்லிய சத்தம் கைக்கு எட்டாது.

கத்துகிறதா, இல்லையா? சேனாதிபதியின் முகம் கல்லாகிவிட்டிருந்தது.

தலையைத் தூக்கினான்.

பனிக்குள் குதிரையின் இடது காது விறைத்து நின்றது.

எஞ்சினை நிறுத்தினான். காது தணிந்தது. மறுபடி ஓடவிட்டான். காது எழுந்தது.

குதிரைக்குச் சத்தம் கேட்கிறது.

குவளைத் தண்ணீரை ஓடுகிற பெல்ட் மேல் சாய்த்தான். தொய்ந்த பெல்ட்டாக இருந்தால் ஈரம் பட்டதும் இன்னும் பலமாகக் கத்தும். பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லி நேர்க்கோட்டில் இல்லை என்றால் கொஞ்சம் அடங்கி, காய்ந்ததும் பழையபடி ஆரம்பிக்கும்.

காது தணிந்தது. அவன் காத்திருந்தான். பனி ஒரு யூகலிப்டஸ் மரத்தை விழுங்கி, மெல்லத் திருப்பிக் கொடுத்தது. காது எழுந்தது.

அப்படியானால் புல்லிதான்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தான். டைனமோவின் புல்லி ஒரு நூல் பின்வாங்கியிருந்தது. அதைத் தாங்குகிற போல்ட்டில் ஒரு வாஷர் இல்லை. எந்த வளைவிலோ குலுங்கி விழுந்திருக்க வேண்டும். பெட்டியைக் கிளறி வேறொன்றை எடுத்துப் போட்டு முடுக்கினான்.

ஓடவிட்டான்.

காது சரிந்தது. சரிந்தபடியே இருந்தது.

"நின்னுருச்சுங்க ஐயா."

சேனாதிபதி எஞ்சின் மேல் குனிந்தார். அந்தப் பக்கம் போய்க் கேட்டார், இந்தப் பக்கம் வந்து கேட்டார். நீட்டியிருந்த கை சால்வைக்குள் போய்விட்டது.

எல்லோரும் ஏறினார்கள். அதற்குள் குதிரை நடு ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டது. வேலுமணி ஹாரனை அமுக்கினான். அசையவில்லை. பலமாக அமுக்கினான். ஒரு காதுகூட ஆடவில்லை.

ஹாரன் கெட்டுவிட்டதோ என்று பதறிப் பக்கத்தில் பார்த்தான். சேனாதிபதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

பனிக்குள்ளிருந்து குதிரைக்காரர் ஓடிவந்தார். சேனாதிபதிக்குத் தெரிந்தவர்தான், பூம்பாறை அழகுமலை. ஜன்னலில் குனிந்து அவர் சொன்னதை வேலுமணி உதட்டில் படித்தான்.

"ஹாரன் அடிச்சுப் பிரயோசனமில்லீங்க. ரோட்டுக்குப் பாறை ஒடச்சப்ப, அந்த வெடியில இதுக்குச் செவி போயிருச்சு. தட்டித்தான் ஓட்டணும்."

குதிரையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

வேலுமணி கியரில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஆடியது ஒரே ஒரு காது. அம்மாள் நின்ற பக்கத்துக் காது.

கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். சண்முகசுந்தரி அம்மாள் விரல்களில் ஒட்டியிருந்த பிடரி மயிரை ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வழியே பனியில் விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நிமிர்ந்து, கண்ணாடிக்குள் அவனை நேராகப் பார்த்தார். உதடுகள் நிதானமாக அசைந்தன.

"திங்கக்கிழம வெள்ளனே வந்துரு, வேலுமணி."

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த சேனாதிபதிக்கு, அதில் ஒரு சொல்லும் கேட்டதாகத் தெரியவில்லை.